பொன்வண்டை அண்மையில் பார்த்தவர்கள் உண்டா?

விருதுநகர் பக்கம்:

போன புரட்டாசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, கண்மாய்க்கரை வேலமரத்தில் பார்த்தேன். ஒரே கிளையில் நாலைந்து. கழுத்து மினுங்கும் பச்சை, முதுகு செம்பழுப்பு. ஒன்று இலைக்காம்பை முன்னங்காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு சிற்றிலைகளைக் கடித்துக்கொண்டே வந்தது, நடுநரம்புதான் மிச்சம். கிளையைத் தொட்டதுதான் தாமதம், காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று தரையில் விழுந்து செத்த மாதிரி கிடந்தது. வெயில் ஏறாத நேரத்தில் அதன் தற்காப்பே அதுதான். உடம்பு சூடேறிவிட்டால் 'ர்ர்ர்' என்று பறந்துவிடும்.

இப்போதெல்லாம் முள்ளுக்காடு என்றாலே பொட்டல் என்று ஜே.சி.பி. விட்டு வழித்துவிடுகிறார்கள். அப்புறம் வரிசையாக அழகுமரம் நடுகிறார்கள். பொன்வண்டுக்கு வேலமரம் அல்லவா வேண்டும்!

தருமபுரி:

எங்கள் பக்கம் முழுப்பச்சையில் வெள்ளைப் பொட்டு வைத்தது வரும். பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்க்காத பையனே கிடையாது. பெட்டிக்குள் முட்டையும் போடும், ஆனால் ஒன்றுகூடப் பொரித்ததில்லை. ஏன்?

திருச்சி:

அது மண்ணில் போட வேண்டிய முட்டை. மரத்தடி மண்ணுக்குள் புழு வெளிவந்து வேரைத் தின்று வளரும். வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழியும். வண்டாகி மேலே வந்தபின் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்தில் பிடித்துக் கழுத்தில் நூல் கட்டினால் எப்படி? மரத்தை விட்டுவைத்து அடிமண்ணைக் கிளறினாலும் அடுத்த தலைமுறை போச்சு.

செத்துக் கிடந்தால் தாராளமாக எடுத்து வையுங்கள். அந்த நிறம் சாயம் அல்ல, மேலோட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, எளிதில் மங்காது. 1888இல் லண்டன் மேடையில் நடிகை எலன் டெர்ரி அணிந்த உடையில் சுமார் ஆயிரம் வண்டுச் சிறகுகளைத் தைத்திருந்தார்கள். அந்த உடை இன்றும் பச்சையாக மின்னுகிறது.

விருதுநகர் நண்பரே, கண்மாயின் பெயரை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள், கேமராவோடு வருகிறேன்.