“10 மீட்டர் துல்லியம்” என்றால் எல்லாமே 10 மீட்டருக்குள் விழுமா?

காட்பாடி_இயற்பியல்:
கல்லூரிக் கருத்தரங்கில் வழிகாட்டப்பட்ட ஏவுகணைகள் பற்றிப் பேச வேண்டும். “10 மீட்டர் துல்லியம்” என்று செய்திகளில் வருகிறதே, எல்லாமே அந்த 10 மீட்டருக்குள் விழும் என்றா அர்த்தம்? ஜிபிஎஸ் இருக்கும்போது ஜைரோ (சுழற்சியை அளக்கும் கருவி) எதற்கு? வேலூர் என்பதால் திப்பு ராக்கெட்டில் ஆரம்பிக்கலாமா?

பாலாற்றங்கரை:
இல்லை தம்பி, பாதிதான் விழும். அந்த எண்ணுக்கு சிஇபி என்று பெயர். இலக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், ஏவியதில் 50 சதவீதம் அதற்குள் விழ வேண்டும். அந்த வட்டத்தின் ஆரம்தான் சிஇபி. சிதறல் எல்லாப் பக்கமும் சீராக இருந்தால் இரண்டு மடங்கு ஆரத்துக்குள் சுமார் 94 சதவீதம் வந்துவிடும். 10 மீட்டர் என்று போட்டிருந்தால் பதினாறில் ஒன்று 20 மீட்டருக்கு அப்பால் போகும். பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் அந்த ஒன்றைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

திப்புவில் தாராளமாக ஆரம்பியுங்கள். 1780-இல் புள்ளலூர்ப் போரில் மைசூர்ப் படை ராக்கெட்டுகளை ஏவியது. இரும்புக் குழாய், அதோடு கட்டிய நீண்ட கழி. கழி ராக்கெட்டைக் குட்டிக்கரணம் போடாமல் வைக்கும், அவ்வளவுதான். கிளம்பிய பிறகு திசை தவறினால் திருத்த எதுவும் இல்லை. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கி.மீ. கிளம்பும்போது கோணம் 0.1 டிகிரி பிசகினாலே அங்கே போய்ச் சேரும்போது 227 மீட்டர் விலகிவிடும். வழிகாட்டல் என்பது இந்த விலகலை வழியிலேயே அளந்து திருத்துவது.

ஜவ்வாது_மலை:
ஜைரோ கேள்விக்கு வருகிறேன். மூன்று ஜைரோ, மூன்று முடுக்கமானி (முடுக்கத்தை அளக்கும் கருவி), இதுதான் ஐஎன்எஸ், அதாவது தன் அசைவைத் தானே அளந்து வழி கண்டுபிடிக்கும் அமைப்பு. வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் வாங்காது, அதனால் யாரும் அதை ஜாம் செய்ய முடியாது. முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். வினையும் அங்கேதான்: முடுக்கமானியில் நிலையான சிறு பிழை இருந்தால், இடப்பிழை நேரத்தின் வர்க்கத்தில் வளரும். 0.0001 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். மாக் 2.8 வேகத்தில், அதாவது ஒலியைப் போல 2.8 மடங்கு வேகத்தில், போகும் பிரம்மோஸ் ஏவுகணை 130 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய 140 விநாடியில் கடக்கும். அதற்குள் பிழை 10 மீட்டர்தான். அதே கருவி 10 நிமிடம் பறந்தால் 175 மீட்டருக்கு மேல்.

ஜிபிஎஸ், நம்முடைய நேவிக் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டிகள் இந்தப் பிழை வளர்ச்சியை அவ்வப்போது துடைத்துவிடும். ஆனால் செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் பலவீனம், எளிதில் ஜாம் ஆகும். ஐஎன்எஸ், ஜிபிஎஸ் இரண்டும் உள்ள அமெரிக்காவின் ஜேடேம் குண்டுக்கு வெளியிட்ட சிஇபி எண்களே போதும்: ஜிபிஎஸ் இருந்தால் 5 மீட்டர், இல்லாமல் 100 விநாடி வரை பறந்தால் 30 மீட்டர். ஆக, எந்த நிலையில் எடுத்த எண் என்று தெரியாமல் ஸ்லைடில் போடாதீர்கள்.

காட்பாடி_இயற்பியல்:
ரொம்ப நன்றி சார். அப்போ லேசர் குண்டுக்கு இந்தத் தொல்லை இல்லையா?

ஜவ்வாது_மலை:
அதற்கு வேறு தொல்லை. இலக்கின் மேல் விமானமோ தரையிலுள்ள ஆளோ லேசர் புள்ளியைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சிதறி வரும் ஒளியைக் குண்டின் மூக்கிலுள்ள சீக்கர் (இலக்கைத் தேடும் உணரி) பிடிக்கும். மேகம், புகை, புழுதி குறுக்கே வந்தால் புள்ளி காணாமல் போகும். தெளிந்த வானில் பலன் பெரிது: வியட்நாமின் தான் ஹோவா பாலத்தைப் பல வருடம் சாதாரணக் குண்டுகளால் வீழ்த்த முடியவில்லை, 1972 மே 13 அன்று லேசர் குண்டுகள் உடைத்தன. கார்கிலில் 1999 ஜூன் 24 அன்று டைகர் ஹில் மேல் மிராஜ் 2000 போர் விமானம் போட்டதும் இந்த வகைதான்.

கோட்டை_அகழி:
ஒன்று விட்டுப்போகிறது. சிஇபி அளப்பது, கொடுத்த ஆயத்தொலைவுக்கு எவ்வளவு அருகில் விழுகிறது என்பதை மட்டும். ஆயத்தொலைவே தப்பானால்? 1999 மே 7 அன்று பெல்கிரேடில் ஐந்து ஜேடேம் குண்டுகள் சொன்ன இடத்தில்தான் விழுந்தன. அது சீனத் தூதரகம். மூன்று பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். கருவியில் பழுதில்லை, குறித்துக்கொடுத்த கட்டடம் தவறு.

வரைபடத்திலும் இதே ஆபத்து உண்டு. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோஷீட்டுகள் (நில வரைபடத் தாள்கள்) எவரெஸ்ட் கோளவுரு என்ற பூமி வடிவக் கணக்கை வைத்துப் போட்டவை, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கின் அடிப்படையில் பேசும். பழைய தாளில் வேலூர்க் கோட்டையின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்து மாற்றாமல் அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டுப் பாருங்கள், புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும்.