பரிவா, இளியா? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

களுவாஞ்சிக்குடி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை உயர்தர மாணவர்களுக்குப் பிற விண்மீன்களின் கோள்கள் பற்றி ஒரு நாள் வகுப்பு. கையேட்டை நாளை பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

எச்டி 110067 என்ற விண்மீனுக்கு ஆறு கோள்கள் இருப்பதை 2023இல் அறிவித்தார்கள். உள்ளிருந்து வெளியே போகப் போக, அடுத்தடுத்த கோள்களின் சுற்றுக்காலங்கள் 2:3, 2:3, 2:3, 3:4, 3:4 என்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. கடைசிக் கோள் ஒரு சுற்று முடிப்பதற்குள் முதற்கோள் ஆறு சுற்று வந்துவிடும். இந்தத் தொடரை நம் பௌதிகவியல் புத்தக வழக்கில் 'பரிவுச் சங்கிலி' (ஆங்கிலத்தில் resonant chain) என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

சென்னை நண்பர்:

பரிவு என்றால் இரக்கம் அல்லவா அம்மா? கோள்கள் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணீர் விடுகின்றனவா? எங்கள் பக்கம் ஒத்ததிர்வு என்போம்.

கல்முனைப் பொறியியலாளர்:

பரிவுக் குழாயில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி, இசைக்கவையைத் தட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு இரக்கம் நினைவுக்கு வராது. ஒத்ததிர்வில்தான் எனக்குச் சிக்கல். இங்கே அதிர்வது எது? இரண்டு கோள்கள் சந்திக்கும் இடம் திரும்பத் திரும்ப ஏறக்குறைய அதே இடமாக அமைகிறது. அதனால் ஈர்ப்பின் சிறு சிறு இழுப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அவ்வளவுதான்.

காரைதீவு ஐயா (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

பரிதலுக்கு ஓடுதல் என்ற பொருளும் உண்டு. ஞாயிற்றின் இயக்கத்தைப் 'பரிப்பு' என்கிறது புறநானூறு. பரி குதிரை, பரிதி சூரியன். ஆகவே பரிவு வானத்துக்கே உரிய சொல். (பரிதிக்கு வேறு மூலம் சொல்வோரும் உண்டு, அது கிடக்கட்டும்.)

ஆனாலும் இதைவிட நல்ல சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் ஊர் விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், யாழ் நூல் செய்தவர். அவரிடம் கேட்டிருந்தால் பண்ணிலிருந்துதான் எடுத்திருப்பார். பழந்தமிழ் இசையில் குரல், உழை, இளி என்பவை இன்றைய ச, ம, ப. அதிர்வெண் விகிதத்தில் குரலுக்கு இளி 2:3, குரலுக்கு உழை 3:4. தங்கச்சி சொன்ன ஆறு கோள்களில் மூன்று இளி, இரண்டு உழை! 'இளிக்கோவை' என்று வையுங்கள்.

ஆசிரியை:

ஐயா, கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் கரும்பலகையில் 'இளிக்கோவை' என்று எழுதினால் பின் வாங்கில் இருப்பவர்கள் மணி அடிக்கும்வரை இளித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கோள் விண்மீனுக்குக் குறுக்கே வரும்போது ஒளி மங்கும். பக்கத்துக் கோள் இழுப்பதால் அந்தக் கடப்பு சில நிமிடம் முந்தும், சில நிமிடம் பிந்தும். ட்ராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் ஏழு கோள்களின் திணிவையும் அதை வைத்துத்தான் கணித்தார்கள். இதற்குச் சொல்?

பொறியியலாளர்:

கல்முனை பஸ் மாதிரி. 'கடப்பு முந்துபிந்து'.

சென்னை நண்பர்:

இது கலைச்சொல்லா, கடைத்தெருப் பேச்சா? 'கடப்புநேரப் பிறழ்வு' என்றால் என்ன குறை?

பொறியியலாளர்:

பிறழ்வு என்றால் ஏதோ தப்பு நடந்துவிட்டது போல இருக்கிறது. கோள் ஒரு தப்பும் செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் இழுக்கிறான்.

காரைதீவு ஐயா:

முந்தல் பிந்தல் என்று தொழிற்பெயராக்கினால் இலக்கணத்துக்கும் இடைஞ்சல் இல்லை. இளியை மட்டும் நான் விடமாட்டேன். பாடும் மீன் கேட்க மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடிக்குப் போகும் ஊரில் பண்ணின் பெயருக்கு வெட்கப்படுவதா?

ஆசிரியை:

கடை ஐந்தரைக்குப் பூட்டிவிடும். 'பரிவுச் சங்கிலி' என்றும் 'கடப்பு முந்தல்பிந்தல்' என்றும் கொடுத்துவிட்டேன். சென்னை அண்ணனுக்காக ஒத்ததிர்வு அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. இளியும் உழையும் மூன்றாம் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள்.

காரைதீவு ஐயா:

பெட்டிக்குள்ளா?