அம்மாவுக்காக ஒரு கார்: அளவு நாடாவோடு ஷோரூம் ஏறி இறங்கிய அனுபவம்

வணக்கம். நடக்கச் சிரமப்படுபவர்கள் உள்ள வீட்டுக்குக் கார் தேர்ந்தெடுத்த அனுபவத்தைப் பலரும் இங்கே எழுதி வருகிறீர்கள். எங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்கிறேன். நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு வயது 71. 2023-ஆம் ஆண்டு பக்கவாதம் வந்ததில் அவருடைய இடது கையும் இடது காலும் பலம் குறைந்துவிட்டன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். வெளியே என்றால் சக்கர நாற்காலி வேண்டும். முதல் ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

அப்போது எங்களிடம் இருந்தது தாழ்வான ஒரு செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார். அதில் அம்மா தலையைக் குனிந்து, இடுப்பை மடக்கி, கடைசியில் ஏறத்தாழ விழுவது போலத்தான் அமர முடிந்தது. அமர்ந்த பிறகும் இடது கால் வெளியிலேயே நின்றுவிடும். அதை நான் தூக்கி உள்ளே வைக்கும்போது, கதவுக்கடியில் உள்ள மேட்டில் செருப்பு தட்டிக் கழன்று தெருவில் விழும். இறங்குவது அதைவிடக் கடினம். இருக்கை தாழ்வாக இருந்ததால் முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்க, எழுவதற்கு வேண்டிய உந்துதல் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு நாள் கூரையின் விளிம்பில் நெற்றி இடித்துக்கொண்டு, "எனக்காக யாரும் எங்கேயும் அலைய வேண்டாம், என்னை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் காரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

தாழ்வான கார் சிரமம் என்றால் உயரமான கார் சுலபமாக இருக்கும் என்று நாங்கள் எண்ணியது தவறு. தங்கையின் கணவர் தம்முடைய பெரிய எஸ்.யு.வி.யைக் கொண்டுவந்து நிறுத்தி, "அத்தை, ஏறிப் பாருங்கள்" என்றார். பக்கவாட்டுப் படியில் வலது காலைத் தூக்கி வைக்க வேண்டுமானால், அந்த ஒரு நொடி உடம்பின் முழுப் பாரத்தையும் பலவீனமான இடது கால் தாங்க வேண்டும். அம்மாவின் கால் நடுங்கியதைப் பார்த்ததும் அவரே, "வேண்டாம் அத்தை, விடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வழியைக் காட்டியவர் எங்கள் பிசியோதெரபிஸ்ட்தான். வீட்டில் எந்த இருக்கையிலிருந்து அம்மா பிறர் கை கொடுக்காமல் எழுந்திருக்கிறார் என்று பார்க்கச் சொன்னார். அவருடைய கட்டில்தான் அது. மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து அளந்தால் 54 செ.மீ. இருந்தது. எங்கள் செடானின் முன் இருக்கை 46 செ.மீ.; மாப்பிள்ளையின் வண்டி 76 செ.மீ. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, ஆறு மாதமாக அம்மா பட்ட பாடு எதனால் என்று விளங்கியது. 54-ஐ ஒட்டியோ அதைவிட நான்கைந்து செ.மீ. கூடுதலாகவோ இருக்கை உள்ள வண்டியைத் தேட வேண்டும். அதற்குப் பிறகு எந்த ஷோரூமுக்குப் போனாலும் சட்டைப்பையில் அளவு நாடா இருந்தது.

ஷோரூம்களில் மைலேஜ், தொடுதிரை, கூரைக் கண்ணாடி ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொன்னார்கள். இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. விவரத்தாளிலும் அந்த எண் இருப்பதில்லை. காட்சிக்கு நிறுத்தியிருக்கும் கார்கள் சில இடங்களில் மேடை மேல் நிற்கும், அங்கே ஏறிப் பார்ப்பதில் பயனில்லை. ஓரிடத்தில், அம்மாவை அழைத்து வருகிறேன், அரை மணி நேரம் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, டெஸ்ட் டிரைவ் வண்டியை அப்படியெல்லாம் நிறுத்தி வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது; கார் ஓடுவதைப் பார்ப்பதைவிட அதில் ஏற முடிகிறதா என்று பார்ப்பதுதானே எங்களுக்கு முக்கியம்? வேறோர் இடத்தில் இருந்த இளம் பணியாளர், வண்டியை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, அம்மா மூன்று முறை ஏறி இறங்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் கொண்டுவந்தது மாருதி வேகன்ஆர். 3,655 மி.மீ. நீளமே உள்ள சிறிய கார் என்றாலும் உயரம் 1,675 மி.மீ. என்பதால், அம்மா தலையைக் குனியாமலே அமர முடிந்தது. முதுகை இருக்கையின் பக்கம் திருப்பி, பின்தொடையில் இருக்கை படும் வரை பின்னால் நகர்ந்து, முதலில் உட்கார்ந்துவிட்டு, அதன் பிறகே கால்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவர வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் பழக்கியிருந்தார். உட்கார்ந்தபின் திரும்புவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று, பழைய பட்டுப்புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டை அம்மாவே இருக்கையில் விரித்துக்கொள்வார். துணி வழுக்குவதால் உடம்பு சுலபமாகத் திரும்பும். அதே காரணத்தால் வண்டி கிளம்பும் முன் அதை உருவி எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் சறுக்கும்.

டிக்கியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செலவு குறையும் என்று, சிலிண்டரில் நிரப்பிய இயற்கை எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. வகையைத்தான் முதலில் பதிவு செய்யவிருந்தேன். அதில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும், சக்கர நாற்காலிக்கு இடமே இருக்காது. பெட்ரோல் வகையில் 341 லிட்டர் இடம் இருக்கிறது. நாங்கள் எடுத்த வகையில் பின்னிருக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் தனியாக மடக்க முடிவதால், கால் தாங்கிகளைக் கழற்றிய சக்கர நாற்காலி அதில் தாராளமாகப் போகிறது. எத்தனை லிட்டர் என்பதைவிட, தூக்கி வைக்கும் விளிம்பு எவ்வளவு உயரம் என்பது அன்றாடம் தூக்குகிறவரின் இடுப்புக்குத் தெரியும். எங்கள் இரும்பு நாற்காலி 17 கிலோ. உங்கள் நாற்காலியையே எடுத்துச் சென்று டிக்கியில் வைத்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகே எனக்குப் புரிந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் முன் பயணியின் கதவு இடது பக்கம். அந்தக் கதவைத் திறந்து வெளியே பார்த்தபடி அமர்ந்தால், திறந்த கதவு வலக்கைப் பக்கமும், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூண் இடக்கைப் பக்கமும் வரும். கூரையோரக் கைப்பிடியும் பயணத்தின்போது இடக்கைப் பக்கமே இருக்கிறது. அம்மாவுக்கு இடக்கை உதவாது. ஆகவே அவர் பிடிப்பதற்குக் கிடைப்பது திறந்த கதவு ஒன்றுதான், அதுவோ ஆடும். ஒருவர் அதை அசையாமல் பிடித்திருக்கவில்லை என்றால் ஆபத்து. கதவின் பூட்டு மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையத்தில் செருகிப் பிடிக்கும் கைப்பிடி ஒன்று விற்கிறார்கள். ஆவலோடு வாங்கி வந்தால், அந்த வளையமும் நடுத்தூணில், அதாவது இடக்கைப் பக்கத்தில் இருந்தது. கடைசியில் ஒரு நாள் வண்டியின் வலப்புறப் பின்கதவில் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். அங்கே எல்லாம் அப்படியே மாறி, வளையமும் கூரைக் கைப்பிடியும் வலக்கைக்கு வந்துவிட்டன. பின்கதவின் வாய் முன்கதவைவிடக் குறுகல் என்றாலும், அம்மா முதன்முறையாகத் தானே எழுந்து நின்றார். வலப்புறம் போக்குவரத்து வரும் பக்கம் என்பதால், வீட்டு முற்றத்திலும் மருத்துவமனை வளாகத்திலும் மட்டும் அப்படி இறங்குகிறார். சாலையோரம் என்றால் முன் இருக்கைதான். உங்கள் வீட்டில் பாதிக்கப்பட்டது எந்தப் பக்கம் என்பதைக் கவனித்து, காரின் இரு பக்கமும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பதில்

உங்கள் பதிவைப் படித்தேன். நின்று அமரக்கூடியவர்களுக்கு நீங்கள் சொன்ன அனைத்தும் பொருந்தும். நான் தண்டுவடக் காயத்தால் பத்தாண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். என்னால் நிற்க முடியாது. என் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து பயணம் செய்கிறேன். எனக்கு உயரக் கூரைக் கார் உதவவில்லை. என் நாற்காலியின் இருக்கை, மெத்தையோடு சேர்த்து 51 செ.மீ. காரின் இருக்கையும் ஏறத்தாழ அதே மட்டத்தில் இருந்தால்தான், இடையில் வழுவழுப்பான மரப்பலகையைப் போட்டு, கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் நகர முடியும். ஏழெட்டு செ.மீ. உயர்ந்துவிட்டால் மேட்டில் ஏறுவது போல ஆகித் தோள்மூட்டு வலிக்கிறது. உங்கள் அம்மாவுக்கு ஒத்துவராத தாழ்வான செடான் எனக்கு ஒத்துவந்ததன் காரணம் இதுதான்.

கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது என்னைப் போன்றவர்களுக்கு மிக முக்கியம். நாற்காலியை இருக்கைக்கு ஒட்டி நிறுத்த முடியாவிட்டால் பலகை எட்டாது. டாடா பஞ்ச் போன்ற சிலவற்றில் கதவுகள் 90 பாகை வரை திறக்கின்றன. அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தும், இருக்கையின் உயரம் ஒத்துவரவில்லை. 2022-இல் மாருதி டிசையர் என்ற செடானின் பெட்ரோல் வகையை வாங்கினேன். அப்போது 40 விழுக்காட்டுக்குக் குறையாத உடலியக்கக் குறைபாடு உள்ளவர்கள், மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழ் பெற்றால், 28-க்குப் பதிலாக 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. செலுத்தினால் போதும்; ஆனால் காரின் நீளம் நான்கு மீட்டருக்குள்ளும், பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுள்ள பெட்ரோல் கார்களுக்கு எல்லோருக்குமே 18 விழுக்காடுதான் என்பதால், பழைய பதிவுகளைப் படித்துவிட்டு இப்போது கணக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். நாற்காலியின் பெரிய சக்கரங்கள் பொத்தானை அழுத்தினால் கழலும் வகை என்றால், செடானின் குறுகிய டிக்கி வாயிலும் சிரமமின்றி நுழையும்.

மதுரையிலிருந்து ஒரு பதில்

என் மகனுக்குப் பெருமூளை வாதம், பதினான்கு வயதாகிறது. அவனை இரண்டு கைகளிலும் ஏந்தித்தான் வண்டியில் வைக்க வேண்டும். எங்கள் தெருவின் அகலத்தில் சாதாரணக் கதவு பாதிகூடத் திறக்காது. அதனால் மாருதி ஈகோ வாங்கினோம். நகர்த்தித் திறக்கும் கதவு என்பதால், அரை மீட்டர் இடைவெளி இருந்தாலும் அவனோடு நான் நுழைய முடிகிறது. தரை உயரமாக இருப்பது ஒரு குறை. ஆனால் பிள்ளையை ஏந்தியபடி குனிய வேண்டியதில்லை என்பதால், என் முதுகுக்கு அந்த உயரமே நல்லதாகப் போயிற்று. கால்களை நீட்டி வைக்க இடம் வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கு, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய இருக்கை உள்ள வண்டியே நல்லது. ஈகோவின் பின்னிருக்கையில் அந்த வசதி இல்லாததால் தலையணை வைத்துச் சமாளிக்கிறோம்.

திருச்சியிலிருந்து மீண்டும்

கோவை ஐயாவுக்கும் மதுரை அம்மாவுக்கும் நன்றி. ஏறி இறங்க வசதியாகக் கதவுப் பக்கம் திரும்பும் சுழல் இருக்கை பற்றித் தனியே கேட்டிருந்தவர்களுக்கு: 2025 டிசம்பரில் வேகன்ஆருக்கே அந்த வசதியை மாருதி அறிவித்து, முதலில் சில நகரங்களில் மட்டும் தரத் தொடங்கியது. நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கை வாசலை நோக்கித் திரும்பும்போது அம்மாவின் முழங்கால் கதவின் முன்தூணில் இடிக்காமல் போகுமா, கீழே வரும் சுழல் தட்டால் இருக்கையின் உயரம் எத்தனை செ.மீ. கூடும் என்ற இரண்டையும் நேரில் அளந்து பார்த்த பிறகு இங்கே எழுதுகிறேன்.