மொறட்டுவையா, பேராதனையா, கிளிநொச்சியா? பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது?

நெல்லியடி_யாழினி:

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம், உயர்தரப் பரீட்சை இரண்டாம் தடவை எழுதினேன். இணைந்த கணிதம் ஏ, பௌதிகவியல் ஏ, இரசாயனவியல் பி. பொறியியல் கட்டாயம் கிடைக்கும் என்கிறார் ரியூசன் சேர். எந்தப் பல்கலைக்கழகம் என்பதில்தான் வீட்டில் சண்டை. எனக்கு வேண்டியது கணினிப் பொறியியல் மட்டும்.

அப்பா கிளிநொச்சி (யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம்) என்கிறார், வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாமாம். வெள்ளவத்தையில் இருக்கும் மாமா, மொறட்டுவையை விட்டால் மடைச்சி என்கிறார். பௌதிகவியல் சேர் பேராதனையில் படித்தவர், அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். மொறட்டுவையை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் பேராதனையும் கை நழுவிவிடும் என்று வகுப்பில் ஒருத்தி வேறு பயமுறுத்துகிறாள். உண்மையா? என் ஆங்கிலம் சுமார். சிங்களம் ‘கொஹொமத’வோடு முடிந்துவிடும். விண்ணப்பம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கட்டுபெத்த_காகம்:

தங்கச்சி, உங்கள் தோழி சொல்வது பிழை. நீங்கள் போட்ட யூனி கோட் (பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய குறியீடு) வரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, உங்கள் இசட் புள்ளிக்கு (பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றி எடுக்கும் சராசரி) எட்டுகிற முதலாவது இடத்தைத் தருவார்கள். பேராதனையை இரண்டாவதாகப் போட்டதற்காக அங்கே உங்களுக்குப் பின்னால் நிற்பவரை முன்னால் விடமாட்டார்கள். இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் உங்கள் வரிசைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே ஆசைப்படி அடுக்குங்கள்.

நான் மொறட்டுவை. கொம்பனிகள் எல்லாம் பஸ் தூரத்தில்தான். மூன்றாம் வருட ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்கு டபிள்யூஎஸ்ஓ2 மாதிரி மென்பொருள் கொம்பனிகளுக்குப் போனவர்கள் பலர் அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார்கள். மாணவர்கள் திறந்த மூல மென்பொருள் எழுதும் கூகிள் சம்மர் ஒவ் கோடுக்கு உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் என்று பல வருடம் பெயர் வாங்கிய இடம் இது. விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகைதான் கழுத்தை நெரிக்கும். வீட்டில் அதைப் பேசிக்கொள்ளுங்கள்.

பேராதனை_ஈ13:

காகம் அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஆனால் யாழினி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியை இன்னும் கேட்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் ‘கணினிப் பொறியியல்’ என்று நீங்கள் எங்கே போடப்போகிறீர்கள்? நான் போட்ட காலத்தில் அங்கே இருந்தது ‘பொறியியல்’ மட்டும்தான். கணினி, சிவில், மின், இயந்திரம் என்று துறை பிரிப்பது உள்ளே போன பிறகு. மொறட்டுவையில் முதல் செமஸ்டர் ஜிபிஏயை (சராசரிப் புள்ளி) வைத்துப் பிரித்தார்கள், எங்களுக்கு முதல் வருட முடிவில். கிளிநொச்சியிலும் பொதுப் பாடங்கள் முடிந்த பிறகுதான். விதிகள் பட்சுக்குப் பட்ச் மாறும், இப்போது முதல் வருடத்தில் இருக்கும் ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். ஆனால் ஒன்று மாறாது: ஆசைப்பட்ட எல்லோருக்கும் கணினியில் இடம் கிடையாது.

அதனால் எந்தக் கம்பஸ் பெரிது என்று பார்ப்பதை விட, எந்த இடத்தில் போனவுடன் முதல் சில மாதம் தடுமாறாமல் படிப்பேன் என்று பாருங்கள்.

நான் தடுமாறியவன். ஊரில் பைதன் எழுதிப் பழகிய திமிரோடு போனேன். அங்கே முதல் வருடத்தில் கணினி ஒரு பாடம்தான். மீதி கணிதம், பொறிமுறை, திரவியங்கள், மின்னியல், பொறியியல் வரைதல். வேர்க்ஷொப்பில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி உள்ளங்கை கொப்பளித்தது. வரைதலில் ஒரு பொருளின் முன்பக்கம், மேல்பக்கம், வெட்டுமுகம் மூன்றையும் கீறச் சொன்னால் என் கண்ணுக்குள் அந்தப் பொருள் திரும்பவே திரும்பாது. விரிவுரை முழுக்க ஆங்கிலம். முதல் மாதம் குறிப்பெடுப்பேன், இரவு அகராதியோடு உட்கார்ந்து அதே குறிப்பைத் தமிழில் எழுதுவேன், பிறகு திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவேன். என் அறைத்தோழன் மாத்தறைக்காரன். அவனுக்கும் ஆங்கிலம் என்னைப் போலத்தான். இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுத்தோம். சிங்களம் அப்படியே வந்து சேர்ந்தது, அதற்காகப் பயப்படாதீர்கள்.

கணினி ஆசையோடு வந்த எங்கள் கூட்டத்தில் நாலு பேர். இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததும் மயிரிழையில்தான். கிடைக்காமல் சிவில் எடுத்தவன் இப்போது கட்டாரில் பாலம் கட்டுகிறான், என்னை விடச் சந்தோஷமாக. மற்றவன் அரை மனதோடு இயந்திரவியல் படித்தான், நாலு வருடமும் முகத்தில் களை இல்லை. நீங்கள் இதில் யார் மாதிரி என்று உங்களுக்குத்தான் தெரியும். கணினி கிடைக்காவிட்டால் இடிந்துபோவேன் என்றால், கொழும்பில் கணினி விஞ்ஞானம், மொறட்டுவையில் தகவல் தொழில்நுட்ப பீடம், திருநெல்வேலியில் யாழ் விஞ்ஞான பீடத்துக் கணினி விஞ்ஞானம் எல்லாம் அதே வரிசையில் போடலாம். அங்கே முதல் நாளிலிருந்தே கணினிதான். பெயரில் ‘பொறியியல்’ இருக்காது, அவ்வளவுதான்.

பொறியியல்தான் வேண்டும் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. கணினிக் கட்டமைப்புப் பாடத்தில் வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலொக்கில் ஒரு எட்டு பிட் செயலியை நாங்களே எழுதினோம். கூட்டல் வேலை செய்தது, வேறொரு கட்டளைக்குத் தாவச் சொல்லும் ‘ஜம்ப்’ மட்டும் மூன்று நாள் வேறெங்கோ குதித்தது. அதிகாலை மூன்று மணிக்கு அது சரியான இடத்தில் போய் நின்றபோது நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து அறைக்காரன் செருப்போடு வந்தான். நான் இன்று கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதிச் சாப்பிடுவது அந்த ‘ஜம்ப்’ புண்ணியத்தில்.

அம்மா கேட்பார், ஆகவே இதையும் சொல்கிறேன்: மலையில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் வெள்ளிக்கிழமை அங்கே நிற்காத தமிழ்ப் பிள்ளை குறைவு, கடவுள் இல்லை என்று வாதாடுகிறவர்கள் உட்பட.

அறிவியல்நகர்_ரோஜா:

மூவரில் எங்களைத்தான் எல்லோரும் கடைசியாகப் போடுகிறீர்கள், பரவாயில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல்தான் தொடங்கியது, மற்ற இரண்டோடும் வயதை ஒப்பிடாதீர்கள். பட்ச் சின்னது. விரிவுரையாளரின் கதவைத் தட்டி ‘விளங்கவில்லை’ என்று சொல்ல முடியும், நான் வாரத்துக்கு இரண்டு தடவை தட்டியிருக்கிறேன். ஈ13 அண்ணா சொன்ன முதல் வருடத் தடுமாற்றம் எனக்குக் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

குறையும் சொல்கிறேன். கொம்பனிகள் ஏ9 வீதியில் வரிசையாக இல்லை. தொழிற்பயிற்சிக்கு எங்களில் பலர் கொழும்புக்குத்தான் போகவேண்டும். அப்புறம் வெயில். யாழ்ப்பாணத்து வெயில் பழகியவர்களுக்கும் அறிவியல்நகர் வெயில் வேறு. இங்கேயும் சிங்கள மாணவர்கள் நிறையப் பேர், ஆகவே ‘வீட்டுக்குப் பக்கத்தில், தமிழிலேயே சமாளிக்கலாம்’ என்று அப்பா நினைத்தால் அந்தக் கணக்கும் தப்பு.

மெல்பேர்ண்_சித்தப்பா:

வெளிநாடு என்று யாராவது பேச்செடுப்பார்கள், முந்திக்கொள்கிறேன். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக இல்லை, பட்டத்துக்குப் பட்டம், அதுவும் எந்த வருடத்திலிருந்து என்று இருக்கும். இங்கே தகைமை பார்க்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். நிறுவகத்தின் பட்டியலில் உங்கள் பட்டத்தைப் பாருங்கள், மாமாவிடம் கேட்காதீர்கள்.

நெல்லியடி_யாழினி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கோயில் கதையில் அம்மா விழுந்துவிட்டார், வெயில் கதையில் அப்பா கொஞ்சம் அசைந்தார். பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி, அதன்பின் கொழும்பு கணினி விஞ்ஞானம் என்று போட்டிருக்கிறேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈ13 அண்ணா, சேர்ந்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் மூன்றாம் தடவை எழுதிப் பார்க்கலாமா? வரைபலகை இப்போதே வாங்கவேண்டுமா?

பேராதனை_ஈ13:

பரீட்சை எழுதலாம், ஆனால் ஒரு இடத்தில் பதிவு செய்துவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இன்னொரு இடம் தராது. கையெழுத்துப் போட முதல் யோசியுங்கள்.

பலகை வாங்காதீர்கள். என்னுடையது கோண்டாவிலில் வீட்டுப் பரணில் கிடக்கிறது, ஒரு மூலை மட்டும் கறையான் தின்றிருக்கிறது. அப்பாவை அனுப்புங்கள்.