புதுப்பிப்பு: மங்கலுக்குக் காரணம் லென்ஸ் இல்லை, வெளிச்சம்தான்

போன வாரம் கேட்டிருந்தேன்: வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பின் 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு நேர் மேலே இருக்கும் லென்ஸில்) பார்த்தால் வெளிறிப்போய்த் தெரிகிறது, புது லென்ஸ் வாங்கணுமா என்று. வேண்டாம். விளக்கின் ஒளியை ஸ்லைடின் மேல் குவிக்கும் கண்டென்சர் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் மைக்ரோஸ்கோப்பில் ஃபீல்டு டயாஃப்ரம் (விளக்கின் மேல் இருக்கும், திறந்து மூடும் துளை) கிடையாது. அதனால் முதலில் 10 மடங்கில் செல்களைத் தெளிவாக்கினேன். அப்புறம் விளக்கின் கண்ணாடி மேல் பென்சில் முனையை வைத்து, அதன் நிழலும் செல்களோடு சேர்ந்து கூர்மையாகத் தெரியும்வரை கண்டென்சரை மெல்ல ஏற்றினேன். கிட்டத்தட்ட ஸ்லைடை ஒட்டி வந்துவிட்டது!

அடுத்தது கண்டென்சரின் டயாஃப்ரம், அதாவது கண்டென்சரிலேயே இருக்கும் இன்னொரு துளை. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பார்த்தால் ஒரு ஒளிவட்டம் தெரியும். அதில் முக்கால் பங்கு மட்டும் திறந்திருக்கும்படி வைத்தேன். படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. முழுக்கத் திறந்தால் வெளிறும். ரொம்ப மூடினால் நுண்விவரம் போய், விளிம்பெல்லாம் கறுப்புக் கோடாகிவிடும். ஆப்ஜெக்டிவ் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டும். கண் கூசினால் விளக்கைத்தான் குறைக்கணும், டயாஃப்ரத்தைத் தொடக்கூடாது.

ஃபீல்டு டயாஃப்ரம் உள்ளவர்கள் 1893-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஆகஸ்ட் கோலர் வெளியிட்ட ஒளியமைப்பு முறையையே முழுதாகச் செய்யலாம்.

இப்போது அதே தோலில், சாயம் போடாமலே, செல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் உட்கரு தெரிகிறது.