ஏலாதி சூர்ணம் முகத்துக்குப் போடலாமா? கூடவே அடாபலீன் ஜெல்லும் யூஸ் பண்றேன்

கோவை_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு 27 வயசு, கோயம்புத்தூர். நெத்தி மூக்கு ரெண்டும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் வறண்டு போகும், தாடைகிட்ட பரு வந்து போன இடமெல்லாம் கருப்பு கருப்பா தழும்பா நிக்குது. ஸ்கின் டாக்டர் நைட்ல போட அடாபலீன் ஜெல் குடுத்திருக்காங்க, பரு குறைஞ்சிருக்கு, ஆனா தழும்பு போக லேட்டாகும்னு சொல்லிட்டாங்க. இப்ப பாலக்காட்டுல இருந்து பெரியம்மா வந்தப்ப ஏலாதி சூர்ணம்னு ஒரு மூலிகைப் பொடி பாக்கெட் குடுத்துட்டுப் போயிருக்காங்க, அவங்க வீட்ல பரம்பரையா எல்லாரும் இதத்தான் போடுறாங்களாம், பெரியம்மா முகத்த பாத்தா நம்பாம இருக்க முடியல.

என்னோட டவுட்டு என்னன்னா, இத எதுல குழைக்கணும், தயிரா பன்னீரா பாலா? வாரத்துக்கு எத்தன தடவ? ஆபீஸ்ல ஒரு அக்கா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு போட்டா தழும்பு சீக்கிரம் மறையும்னாங்க, அது சரியா? முக்கியமா அந்த ஜெல்லோட சேத்து இதப் போடலாமா? பொடிய தொட்டுப் பாத்தா கொஞ்சம் நறநறன்னு வேற இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாலக்காட்டு_மருமக

பெரியம்மா நல்ல பொருளத்தான் குடுத்திருக்காங்க. நான் கல்யாணம் ஆகி ஒத்தப்பாலம் பக்கம் வந்தப்பதான் இதப் பாத்தேன், இங்க குளிக்கறப்ப எண்ணெய் எடுக்கறதுக்கே சில வீட்ல இதான், நம்ம ஊர்ல சீயக்கா பயத்தமாவு மாதிரி. கமகமன்னு வாசம் வரும் பாரு, ஏலக்கா, லவங்கப்பட்ட, ஜடாமாஞ்சி, அகில், தேவதாரு எல்லாம் அதுல இருக்கு, அந்த வாசத்துலயே பாதி மனசு லேசாயிடும்.

நான் குழைக்கறது மோர்ல. தயிர்னா புளிக்காத தயிரா இருக்கணும், புளிச்சது கன்னத்துல எரியும். உனக்கு கன்னம் வறண்டிருக்குங்கறதால அந்த எடத்துக்கு மட்டும் காய்ச்சி ஆறின பால்ல குழைச்சுப் போடு, நெத்திக்கு மோர்லயே போடு, ஒரே முகத்துக்கு ரெண்டு கிண்ணம் எடுத்தா ஒண்ணும் தப்பில்ல. வாரத்துக்கு ஒரு தடவ ஆரம்பி கண்ணு, ஒத்துக்கிட்டா ரெண்டு. தெனம் வேண்டாம். மொதல்ல காதுக்குப் பின்னாடியோ முழங்கை உள்பக்கமோ கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாரு. பட்டை, ஏலக்கா வகையறா சிலருக்கு அரிக்கும், மூலிகைன்னா அலர்ஜி வராதுன்னு ஒண்ணும் இல்ல.

இயற்கையே_மருந்து

சகோதரி அந்த ஜெல் எல்லாம் கெமிக்கல், மொதல்ல அத தூக்கிப் போடுங்க. அதுனாலதான் கன்னம் வறண்டு போகுது. நம்ம பாட்டி காலத்துல யார் ஜெல் போட்டாங்க? பொடிய எலுமிச்ச சாறுல குழைச்சு நல்லா காயவிட்டு இறுக்கமானதும் தேய்ச்சு தேய்ச்சு எடுங்க, அழுக்கு பூரா உதிர்ந்துடும், நானும் என் தங்கச்சியும் இப்படித்தான் பண்றோம், வெயில்ல உக்காந்து காயவச்சா இன்னும் சீக்கிரம்.

லேபம்_வைத்தியர்

நான் ஆயுர்வேதம் படிச்சு பிராக்டிஸ் பண்றவ, அதனால மேல சொன்னதுக்குப் பதில் சொல்லாம போக முடியல. கோபமா எடுத்துக்காதீங்க, ஆனா அந்த முறைய ஆயுர்வேத நூலே வேண்டாம்னு சொல்லுது.

வாக்படர் எழுதின அஷ்டாங்க ஹிருதயத்துல சூத்திரஸ்தானம்ங்கற பகுதில 15ஆம் அத்தியாயத்துலதான் ஏலாதி கணம், அதாவது இந்தப் பொடிக்கான மூலிகைத் தொகுப்பு, வருது. வாத கபத்தையும் விஷத்தையும் குறைக்கும், நிறத்தைத் தெளிவாக்கும், அரிப்பு, சிறு கட்டி, தடிப்பு போகும்னு பயன் சொல்லியிருக்கு. நிறம் தெளியறதுன்னா மங்கிப்போன நம்ம சொந்த நிறம் திரும்ப வர்றது, கருப்பா இருக்கறவங்க வெள்ளையாகறது இல்ல, அப்படி யாராவது வித்தா வாங்காதீங்க. ஒரே வாரத்துல வெள்ளையாக்கற பொடி க்ரீம்ல ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம்னு நான் பேஷண்ட்ஸ் கிட்ட ஓயாம சொல்லிட்டு இருக்கேன்.

அதே சூத்திரஸ்தானத்துல 22ஆம் அத்தியாயத்துல முகலேபம், அதாவது முகத்துல பூசற மருந்துக் குழைவு, எப்படிப் போடணும்னு இருக்கு. மூணு வகை லேபம், கனம் விரல்ல கால், மூணுல ஒண்ணு, அரைன்னு, நிறத்துக்கான லேபம்தான் அரை விரல் கனம். அதாவது நல்லா மொத்தமா போடணும், நாம போடுற மாதிரி சன்னமா வழிச்சு விடறது இல்ல. இன்னொண்ணு இதவிட முக்கியம், லேபம் ஈரமா இருக்கற வரைக்கும்தான் முகத்துல இருக்கணும், காஞ்சா சருமத்தோட பொலிவையே கெடுக்கும், எடுக்கும்போது நனைச்சு இளக்கி எடுக்கணும், எடுத்த பிறகு எண்ணெய் தடவணும். போட்டுட்டு இருக்கும்போது பகல் தூக்கம், பேச்சு, நெருப்புகிட்ட நிக்கறது, வெயில், அழுகை, கோபம் எதுவும் கூடாதுன்னும் இருக்கு. வெயில்ல காயவைங்கன்னு எந்த பாட்டியும் சொல்லியிருக்க மாட்டாங்க.

காஞ்ச லேபம் இறுகி தோலை இழுக்கும், மேல் தோல்ல இருக்கற ஈரத்தையும் உறிஞ்சும், அத வறட்டு வறட்டுன்னு தேய்ச்சா பருத் தழும்பு இருக்கற இடத்துல இன்னும் கருப்பு ஏறும். நம்ம மாதிரி மாநிற தோலுக்கு உரசல், எரிச்சல் எது பட்டாலும் அங்க மெலனின்ங்கற கருப்பு நிறமி கூடிடும். அதனால தங்கச்சி, பத்து நிமிஷம் போதும், ஓரம் காய ஆரம்பிச்சதும் கையில தண்ணி தொட்டு முகத்த நனைச்சு, அது தானா இளகட்டும், அப்புறம் கழுவு. உனக்கு நெத்தி மூக்குல எண்ணெய் இருக்கறதால எண்ணெய்க்குப் பதிலா லேசான மாய்ஸ்சரைசர் போட்டாலே போதும்.

எலுமிச்ச கூடவே கூடாது. அந்தப் புளிப்பு தோலுக்கு ரொம்ப ஜாஸ்தி, எலுமிச்சந்தோலோ சாறோ பட்ட இடத்துல வெயில் பட்டா கொப்புளமாகி கருப்புத் திட்டாவே நின்னுடலாம்.

ஜெல்ல நிறுத்தாதே. அடாபலீன் பரு அடைப்பையே வரவிடாம பண்ற மருந்து, ஆரம்ப மாசங்கள்ல தோல் உரியறது வறண்டு போறது அதோட இயல்பு, குடுத்த டாக்டர்கிட்ட சொன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லுவாங்க. பொடி போடுற அன்னிக்கு நைட் மட்டும் ஜெல் வேண்டாம். தோல் உரிஞ்சுட்டு இருந்தா, எரிஞ்சா, சீழ் வச்ச பரு இருந்தா பொடியையும் தள்ளி வை. இத டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடு, ரெண்டு பேரும் தனித்தனியா வைத்தியம் பாக்கறது நல்லதில்ல.

மருந்துகடை_தம்பி

நாட்டு மருந்து கடைல நிக்கறவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

அக்கா நறநறன்னு இருக்குன்னீங்கல்ல, அத அப்படியே முகத்துல போடாதீங்க. வேர் கட்டை எல்லாம் அரைக்கறதால நார் துணுக்கு நிக்கும், சல்லடைல சலிச்சாலும் போகாது. பழைய வெள்ள வேட்டித் துணி, நல்லா தொவச்சுக் காஞ்சது, அத ஒரு கிண்ணத்து வாய்ல இறுக்கிக் கட்டி மேல பொடியப் போட்டு விரலால மெதுவா தடவினீங்கன்னா கீழ மாவு மாதிரி இறங்கும், மேல திப்பி தங்கிடும். இததான் வஸ்திரகாயம்னு சொல்லுவாங்க, சூர்ணம் செய்யறதுல கடைசி வேலை இது. மேல தங்கினத தூக்கிப் போடாதீங்க, கை காலுக்குத் தேய்ச்சுக் குளிங்க.

ரெண்டாவது, பொடில வேற என்னவும் கலக்காம இருங்க. நிறைய பேரு கடைக்கு வந்து நலங்கு மாவு சாமான் கேப்பாங்க, பச்சப்பயிறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொக்கு, கூடவே கார்போக அரிசி. உடம்புக்குத் தேய்ச்சு உடனே கழுவுற குளியல் பொடில அது பல காலமா இருக்கறதுதான். ஆனா முகத்துக்கு ஊறவச்சுப் போடறவங்களுக்கு நான் அத எடுத்து வச்சுருவேன். கார்போக அரிசில சோராலின்னு ஒண்ணு இருக்கு, அது தோல்ல பட்டு வெயில் பட்டா தோல் சிவந்து வெந்து கருத்துப்போகும், வெண்புள்ளிக்கு அத மருந்தா குடுக்கறதே இந்த கருக்க வைக்கற குணத்துக்காகத்தான். தழும்பு போகணும்னு வர்றவங்க அதப் போட்டுட்டு வண்டில வெயில்ல போனா என்னாகும் யோசிங்க. எலுமிச்ச வகையறாவுலயும் இதே ஜாதி சரக்கு இருக்கு, டாக்டரக்கா வேண்டாம்னு சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கஸ்தூரி மஞ்சள் சேக்கலாமானு அடுத்து கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். அசல் கஸ்தூரி மஞ்சள் உள்ள உடைச்சா வெளுத்த சந்தன நெறம், கற்பூர வாசம் அடிக்கும், முகத்துல மஞ்சக்கறை ஒட்டாது. பளீர் மஞ்சளா பொடியா விக்கறது பெரும்பாலும் மஞ்சக்கூவைங்கற வேற கிழங்கு. கிழங்கா வாங்கி உடைச்சுப் பாத்து அரைச்சுக்கோங்க, பொடியா வாங்கினா எது என்னன்னு எங்களாலயே சொல்ல முடியாது.

பாக்கெட்ல தயாரிப்பு தேதி, பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், சேர்மானப் பட்டியல் இருக்கானு பாருங்க. பிரிச்சதும் கண்ணாடி பாட்டில்ல மாத்தி ஈரக் கை படாம வைங்க, வாசம் போச்சுன்னா சரக்குல சத்து போச்சுன்னு அர்த்தம்.

இயற்கையே_மருந்து

எலுமிச்ச வெயில் விஷயம் எனக்குத் தெரியாது டாக்டர், தங்கச்சிகிட்டயும் சொல்லிடறேன். ஆனா ஜெல்ல ஆயுசுக்கும் போட்டுட்டே இருக்கணுமா, அதுதான் என் கேள்வி.

லேபம்_வைத்தியர்

நியாயமான கேள்விதான். ஆயுசுக்கும் வேண்டாம், பரு அடங்கினப்புறம் டாக்டரே கொறச்சுப் போடச் சொல்லுவாங்க, சிலருக்கு கொஞ்ச நாள் வாரம் ரெண்டு தடவன்னு ஓடும். அது அவங்க முடிவு, நாம இங்க உக்காந்து முடிவு பண்ணக்கூடாது. குழந்தைக்கு பிளான் பண்றவங்களா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும், அப்ப இந்த ஜெல் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க.

கோவை_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ்ங்க, இவ்வளவு விளக்கமா சொல்லுவீங்கன்னு நினைக்கல. துணியில சலிச்சுப் பாத்தேன், பாதிக்குப் பாதி மேலயே நிக்குது, நல்ல வேளை அப்படியே போடல. பாக்கெட்ல லைசென்ஸ் நம்பர் தேதி எல்லாம் இருக்கு. முழங்கைல மோர்ல குழைச்சுத் தடவி வச்சிருக்கேன், ரெண்டு நாள் பாத்துட்டு ஞாயித்துக்கிழம முகத்துக்குப் போடறேன், அன்னிக்கு நைட் ஜெல் போடல. ஒரே ஒரு டவுட்டு, காலைல போடறதா சாயங்காலமா? நான் காலைல ஒன்பது மணிக்கு ஸ்கூட்டில கிளம்பிடுவேன்.

லேபம்_வைத்தியர்

சாயங்காலம் போடுமா, வீட்டுக்கு வந்து முகம் கழுவினப்புறம், வெயில் தாழ்ந்த நேரத்துல. காலைல ஸ்கூட்டில கிளம்பறதுக்கு முன்னாடி எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தெனமும் போடு, மேகமூட்டமா இருந்தாலும் போடு, அடாபலீன் போடற தோலுக்கு அது கட்டாயம். தழும்பு மங்கறதுக்கு இந்தப் பொடியவிட அதான் ஜாஸ்தி வேலை செய்யும், ஹெல்மெட் கண்ணாடிய நம்பி விட்டுடாதே.

பாலக்காட்டு_மருமக

ஞாயித்துக்கிழம போட்டுட்டு எப்படி இருக்குன்னு எழுது கண்ணு. கொஞ்சமா சுருக்குன்னு எரிஞ்சாகூட பொறுத்துக்கிட்டு உக்காராத, உடனே கழுவிடு. மிச்ச பொடி வீணாகாது, கைக்கு காலுக்கு குளிக்கறப்ப போட்டுக்கலாம்.