புதுப்பிப்பு: அம்மாவின் தோள்பட்டை எலும்பு

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பிறகு, சுவரைத் தள்ளும்போதெல்லாம் அம்மாவின் வலது தோள்பட்டை எலும்பு சிறகுபோல் பிதுங்குவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. கழுத்தின் 5, 6, 7ஆம் நரம்பு வேர்களிலிருந்து பிறக்கும் ஒரு நீண்ட நரம்பு, அக்குளின் உட்சுவர் வழியாக மார்பின் பக்கவாட்டில் இறங்குகிறது. விலா எலும்புகளில் ரம்பப் பற்களைப்போல் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பைப் பிடித்துவைக்கும் தசையை இயக்குவது அதுதான். தசைக்குள் புதையாமல் அதன் மேற்பரப்பிலேயே நூலாக ஓடுகிறது. எவ்வளவு பாதுகாப்பற்ற இடம்! அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, சில மாதங்களில் தேறலாம் என்றார் மருத்துவர். நேற்று அம்மா சீப்பை உச்சந்தலைவரை கொண்டுபோனார். இரண்டு இழுப்பிலேயே கை தளர்ந்துவிட்டது. போன மாதம் காதுவரைகூட எட்டவில்லை.